எதிர்க்கரையில் என் மகள்

புங்கஞ்சேரி, தென்கரை
20 மே 2025

சம்பந்தி பஞ்சநதம் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசினால் நம் இருவருக்கும் வார்த்தை தடித்துப் போகிறது. போன தடவை நீங்கள் பாதியில் வைத்தீர்கள், அதற்கு முந்தைய தடவை நான் வைத்தேன். "ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க, எழுதும்போதாவது மூச்சு விடுவீங்க" என்று சுவேதா சொல்லிவிட்டாள். அதனால் மாப்பிள்ளை ஹரிஷ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு எட்டாம் மாதம் பாதி ஓடிவிட்டது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள் வளைகாப்பு நடத்திக் கொடுத்தால்தான் நான் அவளை அழைத்து வர முடியும். ஏழாம் மாதத்தில் என்றீர்கள், அது போய்விட்டது. எட்டில் செய்ய மாட்டார்கள். ஒன்பது பிறந்த உடனேயாவது செய்துவிடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் பன்னிரண்டில் திறக்கிறார்கள் என்று டிவியில் சொல்லியாகிவிட்டது. குடமுருட்டியில் தண்ணீர் வந்துவிட்டால் என் மகள் அந்தக் கரையிலேயே நின்றுவிடுவாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஓடுகிற ஆற்றைத் தாண்டக் கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்பவர் உங்கள் சம்சாரம் தையல்நாயகி அம்மாதான். அவருடைய தங்கை பாலத்தின் மேல் வண்டியில் போய் வந்த மறுவாரம் வயிற்றுப்பிள்ளையை இழந்ததை அவர் மறக்கவில்லை. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாய் வருகிறதே தவிர மனசு வரவில்லை. மணல் காய்ந்து கிடக்கும்போதே அழைத்து வந்துவிட வேண்டும். தேதி சொல்லுங்கள்.

இன்னொன்று. நேற்றுக் காலையிலிருந்து உங்கள் கரையில் ஜேசிபி சத்தம். இங்கிருந்து பார்த்தால் புழுதிதான் தெரிகிறது. உங்கள் அரிசி மில் கருஞ்சாம்பலையும் நெல் ஊறல் தண்ணீரையும் ஆற்றோரப் படுகையில் கொட்டுகிறது என்று நான் மனு எழுதினேன். அதிகாரிகள் வந்து மில்லைப் பூட்டினார்கள். கரையைப் பழையபடி ஆக்கினால்தான் திறப்போம் என்றார்கள். சரி. பழையபடி ஆக்குவதற்கு ஜேசிபி எதற்கு?

நாகம்மாள்

*

மருதங்குடி, வடகரை
23 மே

மதிப்புக்குரிய வார்டு மெம்பர் சம்பந்தி அம்மாவுக்கு,

பஞ்சநதத்தின் வணக்கம். கடிதம் கிடைத்தது. கையெழுத்து நன்றாக இருந்தது. மனுவில் பார்த்த அதே கையெழுத்து.

வளைகாப்புக்குத் தேதி கேட்கிறீர்கள். கிராமசபையில் ஊரே உட்கார்ந்திருக்க, "என் மக வாழப்போன வீடுதான், இருந்தாலும் சொல்றேன், அந்த மில்லாலதான் ஆறு கெட்டுச்சு" என்று எழுந்து நின்று சொன்னீர்கள். பெண் கொடுத்த வீட்டை இப்படி நடுத்தெருவில் நிறுத்திய சம்பந்தியை இந்த ஜில்லாவில் யாரும் கண்டதில்லை. மில்லைப் பூட்ட வைத்த அதே கையால் என் வீட்டில் வந்து வளையல் அடுக்கப் போகிறீர்களா? மனுவை வாபஸ் வாங்குங்கள். மறுநாளே மேளம் வைத்து நடத்துகிறேன்.

கரையைப் பற்றிக் கேட்டீர்கள். பழையபடி ஆக்கச் சொன்னார்கள், ஆக்கிவிட்டேன். கோரை, நாணல், சாம்பல் மேட்டில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலம், எல்லாவற்றையும் வழித்து எடுத்தாயிற்று. கரை இப்போது மெழுகிய தரை மாதிரி இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டேன். மில்லைப் பூட்ட வந்தவர்களில் அந்த இளவட்ட அதிகாரி மரம் நடச் சொன்னான். எங்கே நடுவது? கரையை ஒட்டி என் அப்பா போட்ட நெல் காயும் களம். களத்தை ஒட்டி மில். மில்லை ஒட்டி வீடு. நடுவதற்கு இங்கே இடம் இல்லை.

சுவேதா நன்றாக இருக்கிறாள். புளிச்சக்கீரை வேண்டும் என்றாள், நானே பாபநாசம் சந்தைக்குப் போய் வாங்கி வந்தேன். இதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

பஞ்சநதம்

*

புங்கஞ்சேரி
25 மே

சம்பந்தி,

நாணலையா வழித்தீர்கள்? ஐயோ, உங்களை என்ன சொல்வது!

கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் சோறு கொதிப்பதை மறந்துவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். மணலில் பாதித் தூரம் வந்து நின்று உங்கள் கரையைப் பார்த்தேன். ஒரு புல் இல்லை. மொட்டை. நீங்கள் அதைச் சுத்தம் என்கிறீர்கள். கருவேலத்தை வெட்டினதற்கு உங்களுக்கு மாலையே போடலாம். நாணல் என்ன பாவம் செய்தது? வருஷக்கணக்காகச் சாம்பலைக் கொட்டியும் உங்கள் கரை சரியாமல் நின்றதென்றால், அடியில் அதன் வேர் பிடித்துக்கொண்டிருந்ததால்தான்.

பெரிய மேதாவி பேசுகிறாள் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் நூறு நாள் வேலைப் பெண்களை வைத்து நாணலும் நீர்மருதும் மூங்கிலும் நட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நட்டதை ஆடு தின்றது. இரண்டாம் வருஷம் நானே தப்பான மேட்டில் நட வைத்து எல்லாம் கருகிப் போனது. ஊரே என்னைக் கேலி செய்தது. இப்போதுதான் கொஞ்சம் பச்சை தெரிகிறது.

நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான். களம், மில், வீடு என்று வரிசையாக எழுதினீர்களே, அந்த வீட்டில் ஆற்றைப் பார்த்த அறையில்தான் என் மகள் படுக்கிறாள். வளைகாப்பை வைத்து என்னோடு பேரம் பேசாதீர்கள். மனு ஊர் கொடுத்தது, எழுதியது மட்டும் நான். வாபஸ் வாங்க மாட்டேன். மகளை அனுப்புங்கள். மேற்கே மேகம் கூடுகிறது. எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை.

நாகம்மாள்

*

மருதங்குடி
3 ஜூன்

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. முந்தாநாள் கோடை மழை ஒரு பிடி பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு திரும்புகிற வளைவில் கரை பாதியைக் காணோம். மண் சரிந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சரிந்தது முழுக்கச் சாம்பல். மிச்சம் இருக்கிற கரையில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன். அழுத்தவே வேண்டாம், தானாக இறங்குகிறது. களத்துக்கு அடியிலும் இதே கதைதான் போலிருக்கிறது.

வாலிப வயதிலிருந்து இந்தச் சாம்பலோடு புழங்கியவன் நான். உமிச்சாம்பல் காய்ந்தால் பறக்கும், நனைந்தால் வழுக்கும். அதற்குள் புதிதாக ஊன்றுகிற எந்த வேரும் நிற்காது. உங்கள் நாணலை இப்போது கொண்டு வந்து நட்டாலும் பிடிக்கப் போவதில்லை. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பாபநாசத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டரை அழைத்து வந்து காட்டினேன். "கான்கிரீட் சுவர் ஒண்ணு ஏத்திட்டா யானை வந்து முட்டினாலும் அசையாது சார்" என்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வளைகாப்புக்குத் தையல்நாயகி நாள் பார்த்துவிட்டாள். மனு கினு என்று இனி நான் பேசவில்லை. ஜூன் பதினாறு, திங்கட்கிழமை. அதற்கு முன்னால் நல்ல நாள் இல்லையாம். அணையைப் பன்னிரண்டில் திறந்தாலும் கல்லணைக்கு வந்து, அங்கே பிரித்து, நம் ஆற்றுக்கு வரப் பதினெட்டு ஆகிவிடும் என்று மதகு பார்க்கிற லஸ்கர் சொல்கிறார். வளையல் அடுக்கிய கையோடு அழைத்துப் போய்விடுங்கள். அவள் இங்கே இருந்தால் எனக்கும் தூக்கம் வரவில்லை.

பஞ்சநதம்

*

புங்கஞ்சேரி
5 ஜூன்

சம்பந்திக்கு,

தேதி கொடுத்தீர்களே, நல்லா இருங்கள். பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் மூச்சு விடத்தான் நேரம். இருந்தாலும் போதும். கண்ணாடி வளையல் வாங்கக் கும்பகோணம் போகிறேன். பச்சை, சிவப்பு இரண்டும் எடுக்கிறேன். சுவேதாவுக்குக் கை வீங்கியிருக்கிறதா என்று தையல்நாயகி அம்மாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அளவு பெரியதாக வாங்க வேண்டும்.

சுவர் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். அந்த வளைவில் ஆறு நேராக உங்கள் பக்கம் வந்து முட்டித்தான் திரும்புகிறது. முட்டுகிற இடத்தில் கான்கிரீட் நின்றால் அதே வேகத்தில் எங்கள் பக்கம் திரும்பும். நேர் எதிரே எங்கள் ஆற்றோரத் தெரு, அங்கன்வாடி. நாங்கள் நட்டது இன்னும் இடுப்பளவுகூட வரவில்லை.

மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் தைரியமாக உங்களோடு சண்டை போடுவேன். இப்போது முடியவில்லை.

நாகம்மாள்

*

புங்கஞ்சேரி
17 ஜூன்

சம்பந்திக்கு,

நேற்று உங்கள் வீட்டில் கை நனைக்காமல் வந்தது கோபத்தில் இல்லை.

காலையில் சீர்த்தட்டும் கலந்த சாதத் தூக்குகளுமாக நானும் எங்கள் தெருப் பெண்களும் மணலில் நடந்துதானே வந்தோம். கால் சுட்டது. "திரும்பி வரும்போது சுவேதாவுக்குக் குடை பிடிச்சு அழைச்சிட்டு வரணும்" என்று பேசிக்கொண்டு வந்தோம். அவள் கன்னத்தில் சந்தனம் பூசி, பாதி வளையல் அடுக்கியிருப்பேன். தெருவில் பிள்ளைகள் "தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். வேறு எந்த வருஷமாக இருந்தாலும் நானும் கூடவே ஓடியிருப்பேன். சூடம் கொளுத்தி, பூ தூவிக் கும்பிட்டிருப்பேன். நேற்று என் கையில் வளையல் அப்படியே நின்றுவிட்டது.

தையல்நாயகி அம்மா வாசலுக்குப் போய் ஆற்றைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அனுப்ப மாட்டேன் சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க" என்றார். சுவேதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நீங்கள் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பாலத்தைச் சுற்றி ஆட்டோவில் காலித் தூக்குகளோடு வீடு வந்து சேர்ந்தேன். அவளுக்காகப் போட்டு வைத்த கட்டிலில் யாரையும் உட்காரவிடவில்லை.

இனி உங்கள் கரை எனக்கு எதிர்க்கரை இல்லை. அதற்குப் பின்னால் என் பிள்ளை இருக்கிறாள். வேர் பிடிக்காது என்கிறீர்கள், இருக்கட்டும். எங்கள் பெண்களை அழைத்து வந்து மூங்கில் முளை அடித்து, நடுவில் தழைக்கட்டு வைத்து, சாம்பல் இல்லாத இடமாகப் பார்த்து நாணல் ஊன்றுகிறேன். தண்ணீர் முழங்காலளவு போகும்போதே செய்தாக வேண்டும். வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவள் படுக்கையை இன்றைக்கே தெருப் பக்கத்து அறைக்கு மாற்றுங்கள்.

நாகம்மாள்

*

மருதங்குடி
22 ஜூன்

சம்பந்தி அம்மாவுக்கு,

படுக்கையை அன்றைக்கே மாற்றிவிட்டேன்.

நீங்களும் உங்கள் பெண்களும் வந்து தண்ணீரில் நின்று வேலை பார்த்துவிட்டுப் போனீர்கள். நான் மில் வாசலிலேயே நின்றேன். வந்து பேச வேண்டும் என்று இருந்தது. கால் வரவில்லை. டீயும் வடையும் கொடுத்தனுப்பினேன், எல்லாருக்கும் வந்ததா? எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரும் வேடிக்கை பார்க்க வந்து உங்களோடு இறங்கிவிட்டார்கள். தையல்நாயகிகூடப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினாள், முட்டிவலி என்று நான்தான் தடுத்தேன். திட்டினாள்.

மேல்பக்கம் நீங்கள் செய்தது நிற்கிறது. நாணல் ஊன்றிய இடத்தில் தண்ணீர் சுழிப்பது குறைந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைவில் நிற்கவில்லை. நேற்று இரண்டு மூங்கில் சாய்ந்துவிட்டன. அடியில் அத்தனையும் சாம்பல், எதைப் பிடித்து நிற்கும்?

கர்நாடகத்தில் மழை கொட்டுகிறது. அணை நிரம்பப் போகிறது, உபரித் தண்ணீர் திறப்பார்கள் என்கிறார்கள். அப்போது வருவது முழங்கால் தண்ணீர் இல்லை. காண்ட்ராக்டர் தினமும் போன் செய்கிறார். வளைவுக்கு மட்டும் அவசரச் சுவர் எழுப்பிவிடலாம் என்கிறார், ஆனால் இன்னும் இரண்டு நாளில் ஆரம்பித்தாக வேண்டுமாம். இந்தப் பக்கம் உங்கள் மகளும் நம் பேரப்பிள்ளையும். அந்தப் பக்கம் உங்கள் ஊர். ஹரிஷ் சுவர் வேண்டாம் என்கிறான். சுவேதாவைக் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீங்கள் சொல்வதைச் செய்கிறேன். பாரத்தை என் தலையில் போடுகிறானே என்று திட்டாதீர்கள். எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

பஞ்சநதம்

*

புங்கஞ்சேரி
23 ஜூன்

சம்பந்தி,

திட்டத்தான் செய்வேன். பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது?

முதலில் "கட்டிவிடுங்கள்" என்றுதான் எழுதினேன். எழுதி மடித்தும் வைத்துவிட்டேன். பிறகு மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க வாசலுக்கு வந்தேன். அங்கன்வாடி விட்டு, பிள்ளைகள் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு ரயில் ஓட்டிக்கொண்டு கரையோரமாகப் போனார்கள். கடைசியில் போன வாண்டு என்னைப் பார்த்து "மெம்பர் ஆயா, டாட்டா" என்று கை ஆட்டியது. உள்ளே போய் எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

கட்டாதீர்கள். நாளைக்கு என் மகளுக்கு ஒன்று என்றால் இதை எழுதின கையை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், கட்டாதீர்கள்.

அப்படியானால் வளைவை என்ன செய்வது என்பீர்கள். அந்த இளவட்ட அதிகாரி முதல் நாளே ஒன்று சொன்னான், ஞாபகம் இருக்கிறதா? நம் இரண்டு பேர் முன்னாலும்தான் சொன்னான். "களம் இருக்கிற இடம் ஆத்தோட படுகை சார். அதை ஆத்துக்கே விட்டுட்டா வெள்ளம் அதுல பரவி வேகம் குறைஞ்சிடும்" என்றான். நீங்கள் முறைத்தீர்கள். நானும் சிரித்தேன், மில்காரரிடம் போய்க் களத்தைக் கேட்கிறானே, விவரம் தெரியாத பிள்ளை என்று. இப்போது யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் வழி. உங்கள் மில்லும் வீடும் மேட்டில் இருக்கின்றன. களம் மட்டும் தாழ்வு. ஆற்றுப் பக்கத்து மதிலை உடைத்து, முடிந்தவரை சாம்பலை வாரிவிட்டு, தண்ணீரை உள்ளே விடுங்கள். பரந்து நிற்கிற தண்ணீர் கரையை அறுக்காது. எங்கள் பக்கமும் முட்டாது.

ஒரு மில்காரரிடம் களத்தைக் கேட்பது என்னவென்று எனக்குத் தெரியும். கேட்கிறேன்.

நாகம்மாள்

*

மருதங்குடி
25 ஜூன்

சம்பந்தி அம்மாவுக்கு,

மில்லைப் பூட்டினீர்கள், பொறுத்துக்கொண்டேன். இப்போது களமா?

அந்தக் களம் என் அப்பா கல் சுமந்து போட்டது. அதில்தான் எனக்குக் கல்யாணப் பந்தல் போட்டார்கள். உங்கள் மகள் என் மகனுக்கு மாலை மாற்றியதும் அதே களத்தில்தான். அன்றைக்கு அந்தத் தரையைப் பார்த்து "எவ்ளோ அகலமான களம்!" என்று வாய் பிளந்தவர் நீங்கள். நாளைக்கு மில்லைத் திறந்தால் நெல்லை எங்கே காயப்போடுவேன், தலையிலா?

காண்ட்ராக்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவர் கட்டவில்லை. நீங்கள் மகளைப் பணயம் வைத்துச் சொன்ன சொல், அதை மீற எனக்கு மனசு வரவில்லை. ஆனால் களத்தைத் தொட மாட்டேன். வளைவில் மணல் மூட்டை அடுக்குகிறேன். இன்றைக்குக் காலையிலிருந்து ஆட்களோடு நானும் தூக்குகிறேன். இதுதான் என்னால் முடிந்தது.

இனி இதைப் பற்றி எழுதாதீர்கள்.

பஞ்சநதம்

*

புங்கஞ்சேரி
30 ஜூன்

சம்பந்தி,

எழுதாதே என்றீர்கள், எழுதுகிறேன். பாலத்தில் யாரையும் விடவில்லை, அதனால் இந்தத் தாளைப் படம் எடுத்து ஹரிஷ் போனுக்கு அனுப்புகிறேன். படித்துக் காட்டச் சொல்லுங்கள், இல்லை நீங்களே படியுங்கள்.

கரையோரம் போகாதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உங்கள் பக்கம் தெரிகிற இடத்தில் நிற்கிறேன். நடு ஆற்றில் தண்ணீர் செம்மண்ணாகப் போகிறது. உங்கள் வளைவில் மட்டும் கறுப்பாகத் திரும்புகிறது. சாம்பல் கரைகிறது. மணல் மூட்டையில் தண்ணீர்ப் பக்கத்து வரிசை இருந்தது, இப்போது காணோம்.

உங்களுக்கு அங்கே மேலே நிற்கும்போது இது தெரியாது. எனக்குத் தெரிகிறது. அதனால் சொல்கிறேன். சுவேதாவைப் பாபநாசம் ஆஸ்பத்திரிக்கு இப்போதே அழைத்துப் போகச் சொல்லுங்கள். அது உங்கள் கரைதான், ஆற்றைத் தாண்ட வேண்டியதில்லை. தையல்நாயகி அம்மாவும் கூடவே போகட்டும். நீங்களும் போய்விடுங்கள். களத்தைப் பற்றி நான் இனி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் பிழைத்தால் போதும்.

எங்கள் நாணல் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறது, கரை நிற்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. பதில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வரி போதும். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

நாகம்மாள்

*

மருதங்குடி
8 ஜூலை

சம்பந்தி அம்மாவுக்கு,

குழந்தை பிறந்ததை ஹரிஷ் போனில் சொல்லிவிட்டான். பெண். உங்கள் மூக்கு. அழுகை மட்டும் என்னைப் போல என்கிறாள் தையல்நாயகி. பாலம் திறந்த உடனே நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். அப்போது நான் இங்கே சேறு வாரிக்கொண்டிருந்தேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இதில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கடிதப் படத்தை ஹரிஷ் காட்டியபோது நான் மூட்டை மேல்தான் நின்றிருந்தேன். கறுப்பாகத் திரும்புகிறது என்று படித்ததும் காலுக்குக் கீழே பார்த்தேன். அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை வராதது ஆச்சரியம்தான். மூன்று பேரையும் காரில் ஏற்றி அனுப்பினேன். சுவேதா ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். "நீங்க வராம நான் போகமாட்டேன் மாமா" என்றாள். பின்னாலேயே வருகிறேன் என்று பொய் சொன்னேன்.

மூட்டை வேலைக்கு வந்த ஜேசிபிக்காரன் வாசலில் நின்றான். "மதில உடைடா" என்றேன். "அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க சார், நீங்களே முதல்ல ஒரு போடு போடுங்க" என்றான். கடப்பாரையை எடுத்துப் போட்டேன். செங்கல் உதிர்ந்தது. அதற்கு மேல் அவன் பார்த்துக்கொண்டான். நான் திரும்பி நின்றுகொண்டேன், பார்க்க முடியவில்லை.

தண்ணீர் ஓவென்று பாய்ந்து வரும் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை. மெதுவாக நுழைந்து, களம் முழுக்கப் பரவி, மில் படிக்கட்டில் கடைசிப் படி வரைக்கும் வந்து அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வளைவில் சத்தமும் குறைந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. நான் படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ஜேசிபிக்காரன் ஊர் முழுக்க அதைச் சொல்லிவிட்டான், உங்கள் காதுக்கும் வந்திருக்கும்.

களம் போய்விட்டது. அடியில் இருந்த சாம்பலை ஆறு அரித்துக்கொண்டு போனதில் சிமெண்டுத் தரை பாளம் பாளமாக உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் நல்ல வண்டல் படிந்திருக்கிறது. அதிகாரி வந்து பார்த்தான். மில்லைத் திறப்பது பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஐப்பசி மழை எப்படி வருமோ என்ற பயம் இன்னும் இருக்கத்தான் செய்கிறது. வளைவில் வெறும் வண்டல்தான் கிடக்கிறது, பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

தாயையும் பிள்ளையையும் இப்போதைக்கு ஆற்றைத் தாண்ட விடமாட்டாளாம் தையல்நாயகி. அதனால் நீங்கள்தான் தாண்டி வர வேண்டும். சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா என்று யோசிக்காதீர்கள். ஆற்றைப் பார்த்த அறையை உங்களுக்காகக் கழுவி வைத்திருக்கிறாள்.

தொட்டில் போடும் நாளுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டு வருவீர்கள். கொலுசு, அரைஞாண், பட்டுத்துணி என்று எதுவும் வேண்டாம். உங்கள் கரை நாணலை வேர்மண்ணோடு பெயர்த்து ஒரு டிராக்டர் நிறையக் கொண்டு வாருங்கள். உங்கள் பெண்களையும் அழைத்து வாருங்கள். இந்தத் தடவை நானும் இறங்குகிறேன்.

நட இடம் இருக்கிறது.

பஞ்சநதம்